ஊரடங்கில் வீட்டோடு இருந்தது பிள்ளைகளின் உடல்நலத்தைப் பாதித்ததா? நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

நான் பார்த்தது பாம்பனில், என் அக்கா மகனிடம். 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது அவன் ஏழாம் வகுப்பு. எட்டாம் வகுப்பின் வாசலையே மிதிக்காமல், 2021 செப்டம்பர் 1 அன்று பள்ளி திறந்ததும் நேரே ஒன்பதாவதில் போய் உட்கார்ந்தான். போர்டில் எழுதியது தெரியவில்லை. ராமநாதபுரத்தில் கண் டாக்டரிடம் காட்டினோம். இரண்டு கண்ணும் மைனஸ் ஒன்றே முக்கால்.

எல்லாரும் செல்போனைத்தான் திட்டினார்கள். அதில் பாதிதான் உண்மை. வீட்டில் இருந்ததே ஒரு போன், அதுவும் மச்சானுடையது. மச்சானுக்கு நாட்டுப்படகில் தொழில். விடியுமுன் மூன்று மணிக்கெல்லாம் போனைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார். வாத்தியார் வாட்ஸப்பில் பாடம் அனுப்பும்போது போன் கடலில் இருக்கும். அவர் கரைக்கு வந்து, மீனைக் கொடுத்து, வலையைச் சரிபார்த்து, போன் பையன் கைக்கு வர இரவாகிவிடும். அப்புறம் ஒரு மணி நேரம் பாடம், நாலு மணி நேரம் ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டை கேம். அப்பா எழும் நேரத்தில் மகன் படுப்பான், எழுவது மதியம். “அப்பனும் மகனும் ஷிப்ட் மாத்துறாங்க” என்பாள் அக்கா.

பகல் முழுக்க அவன் வீட்டுக்குள் கிடந்ததை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் பள்ளி விட்டால் கடலில்தான் கிடப்பான். டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது: வெயில் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் சுரக்குமாம். வளரும் வயதில் கண் அளவுக்கு மீறி நீளாமல் அது பார்த்துக்கொள்ளும். நீண்டுவிட்டால் தூரத்தில் இருப்பது மங்கும். பாம்பன்காரப் பிள்ளைக்கு வெயில் போதவில்லை என்று வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள்.

பள்ளியை மூடியதை நான் குறை சொல்ல மாட்டேன். 2021 மே மாதம் எங்கள் தெருவிலேயே இரண்டு சாவு. ஆனால் மணலில் நாலு பிள்ளைகள் நின்றால் விரட்டியது எதற்கு என்று இன்றைக்கும் விளங்கவில்லை. காற்று அள்ளிக்கொண்டு போகிற இடம் அது. அங்கிருந்து விரட்டி, ஜன்னல் இல்லாத அறையில் ஆறு பேரை அடைத்தோம்.

பெண்பிள்ளைகள் கதை வேறு. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பள்ளியில் கிடைத்த இரும்புச்சத்து மாத்திரை, நாப்கின் இரண்டும் நின்றுபோயின. வாயைத் திறந்து கேட்கவும் கூச்சம். சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு கொடுத்தார்கள், சரிதான். அது வீட்டு உலையில் எல்லாருக்கும் சேர்த்துத்தான் வெந்தது.

மருமகனுக்குத் தூக்கம் மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது. கண்ணாடிதான் நின்றுவிட்டது. அவன் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் அதற்குள் வள்ளத்துக்குப் போய்க் கையில் காசு பார்த்திருந்தார்கள். ஒருவனை வாத்தியார் வீடு தேடிப் போய்க் கூட்டி வந்தார். இன்னொருவன் வரவில்லை.