அப்பாவின் அம்பாசிடருக்கு வேறு எஞ்சின்: கடன் வாங்கிச் செய்யலாமா?

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 39. கைக்கு வரும் சம்பளம் மாதம் 62,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 18,500, இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவு 9,000, குடும்பச் செலவு 22,000, மியூச்சுவல் ஃபண்டில் மாதந்தோறும் போடும் எஸ்.ஐ.பி. 5,000 ரூபாய். தீபாவளி போனஸாக ஆண்டுக்கு 40,000 ரூபாய் வரும். வங்கியில் 2,40,000 ரூபாய் வைப்பு நிதி இருக்கிறது. 2020இல் காலமான என் தந்தையின் 1984ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 4 பெட்ரோல் கார், 2017 முதல் வீட்டுப் பின்புறம் தகரக் கொட்டகையில் நிற்கிறது. ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) 2019இல் காலாவதியாகிவிட்டது. ஸ்டார்ட்டிங் ஹாண்டில் போட்டுச் சுற்றினால் எஞ்சின் அசையவில்லை. இதை வீட்டிலேயே பிரித்து, இசுசு 1.8 எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் பொருத்த விரும்புகிறேன். எஞ்சினும் கியர் பெட்டியும் 70,000, பொருத்தும் செலவு 25,000, டிங்கரிங் மற்றும் பெயின்ட் 1,10,000, வயரிங் 20,000, பிரேக்கும் டயரும் 45,000, சீட் வேலை 30,000 என மொத்தம் 3 லட்சம் ஆகும் எனக் கணக்கிட்டுள்ளேன். 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுத் தனிநபர் கடன் தர வங்கி தயாராக இருக்கிறது. முடித்துவிட்டால் 5 லட்சத்துக்குப் போகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கடன் வாங்கலாமா, அல்லது வைப்பு நிதியை உடைக்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். ஆனால் காரைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.

கடனை முதலில் பார்ப்போம். நீங்கள் எழுதியிருக்கும் செலவுகளைக் கூட்டினால் 54,500 ரூபாய் வருகிறது, ஆகவே மாதம் மிஞ்சுவது 7,500 ரூபாய்தான். 3 லட்சம் ரூபாயை 14 சதவீத வட்டியில் 36 மாதங்களில் அடைப்பதற்கு மாதத் தவணை சுமார் 10,250 ரூபாய் ஆகும். மிச்சத்தைவிடத் தவணை பெரிதாக இருப்பதால், குறையும் 2,750 ரூபாய்க்காக நீங்கள் முதலில் கைவைப்பது எஸ்.ஐ.பி.யாகத்தான் இருக்கும். மூன்று ஆண்டு முடிவில் வட்டியாக மட்டும் சுமார் 69,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள், அதாவது நீங்கள் விலை பேசியிருக்கும் அந்த எஞ்சினையும் கியர் பெட்டியையும் இன்னொரு முறை வாங்கும் தொகை.

வைப்பு நிதியைப் பொறுத்தவரை, எஸ்.ஐ.பி. நீங்கலாக உங்கள் குடும்பத்துக்கு மாதம் 49,500 ரூபாய் தேவைப்படுகிறது, அவசரத்துக்கென ஆறு மாதச் செலவையாவது கையில் வைத்திருக்க வேண்டும் என்றால் அது 2,97,000 ரூபாய். கையிருப்பு அந்த அளவைக்கூட எட்டாத நிலையில், அது காருக்கான பணம் அல்ல.

இனி உங்கள் மதிப்பீட்டுக்கு வருகிறேன். அதில் இருக்கும் தொகைகள் தவறென்று சொல்ல மாட்டேன், இல்லாத தொகைகளே என்னைக் கவலைப்பட வைக்கின்றன. உங்கள் காரில் இப்போதிருக்கும் 1489 சி.சி. எஞ்சின் சுமார் 50 குதிரைத்திறன் தருவது, கியர் தண்டு ஸ்டீயரிங் தண்டோடு ஒட்டியிருப்பது, நான்கு சக்கரத்திலும் இருப்பது டிரம் பிரேக். அம்பாசிடரைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அதே உத்தர்பாரா ஆலை 1990களின் தொடக்கத்தில் 75 குதிரைத்திறன் கொண்ட இசுசு எஞ்சினை வைத்து அம்பாசிடரை விற்றது உண்மைதான், ஆகவே எஞ்சின் உள்ளே உட்காரும். உட்கார்ந்த பிறகுதான் செலவு தொடங்கும். எஞ்சின் மவுண்டிங் மாற வேண்டும், தரையிலிருந்து கியர் தண்டு வருவதற்குத் தரைத் தகட்டை வெட்ட வேண்டும், கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட்டின் நீளத்தைச் சரிபார்த்து பேலன்ஸ் செய்ய வேண்டும், கிளட்ச் இணைப்பு, சைலன்சர் குழாய், ரேடியேட்டர், ஆக்சிலரேட்டர் கேபிள் என ஒவ்வொன்றும் தனித்தனியாக இரண்டாயிரம், ஐந்தாயிரம் என்று கேட்கும். கூடுதல் வேகத்துக்கு ஏற்ற பிரேக் வேண்டுமென்றால் அது இன்னொரு கணக்கு. எஞ்சினைத் தூக்கி இறக்க வாடகைக்கு எடுக்கும் செயின் பிளாக்கைக்கூட நீங்கள் எழுதவில்லை. ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் ஒருவர் தன் உழைப்புக்குக் கூலி போடாமல் விட்டதில் எனக்கு வியப்பில்லை, ஆனால் லேத்துக்குக் கொடுக்கும் பணம் உங்கள் உழைப்பால் குறையாது.

இதைவிடப் பெரிய இடைவெளி காகிதத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இசுசு எஞ்சினைப் பொருத்தினால் உங்கள் ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணும் மாறும், சி.சி.யும் மாறும். ‘அதே கம்பெனி எஞ்சின்தானே, பார்த்துக்கொள்ளலாம்’ என்று மெக்கானிக் சொல்லலாம், ஆனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் எழுத்தில் அனுமதி தராதவரை அந்த 70,000 ரூபாயை நான் செலவு என்று எழுத மாட்டேன், சூதாட்டம் என்றுதான் எழுதுவேன். காப்பீட்டு நிறுவனத்துக்கும் இதே கதைதான்: அறிவிக்காத எஞ்சினோடு விபத்து நேர்ந்தால், சேதத்துக்கான கோரிக்கையை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். இன்னொன்று, ரசீது இல்லாமல் பழைய எஞ்சின் வாங்காதீர்கள். அது எந்த வண்டியிலிருந்து இறங்கியது, அந்த வண்டியின் ஆர்.சி. முறைப்படி ரத்தானதா என்பதற்கு விற்பவரிடம் காகிதம் இல்லையென்றால், திருட்டு வண்டியின் எஞ்சின் உங்கள் கொட்டகைக்கு வந்து சேரக்கூடும்.

ஆகவே என் யோசனை, பழைய எஞ்சினை அவ்வளவு விரைவில் தள்ளிவிடாதீர்கள் என்பதே. ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்ற எஞ்சின் சுழலாமல் போவதற்கு, பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் காரணமாக இருக்கும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளை வழியாகவும் துருநீக்கும் எண்ணெயை விட்டு, ஒரு வாரம் ஊறவைத்து, நாள்தோறும் ஹாண்டிலை இரு பக்கமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள், வலிந்து முறுக்க வேண்டாம். சில நூறு ரூபாயில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் 70,000 ரூபாய்க்கு விலை பேசியிருப்பதைத்தான் உங்கள் கடிதத்தில் என்னால் ஏற்க முடியவில்லை. எஞ்சின் அசைந்தாலும் அசையாவிட்டாலும் அதை இறக்கி லேத்துக்குக் கொண்டுபோய், ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்துவது), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங் (கிராங்க் தண்டைத் தேய்த்துச் சீராக்குவது), வால்வு வேலை ஆகியவற்றுக்குத் தனித்தனியாக விலை எழுதி வாங்குங்கள். அம்பாசிடர் எஞ்சினுக்குக் கை பழகிய லேத்துக்காரர்கள் கோவையில் இன்றும் கிடைப்பார்கள். கணக்குக்காக இந்த வேலைக்கு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் மாற்றத்துக்கு நீங்கள் ஒதுக்கிய 95,000 ரூபாய் 50,000 ஆகக் குறைந்து, மொத்த மதிப்பீடு 2,55,000 ரூபாய்க்கு வந்துவிடும், ஆர்.சி.யில் ஓர் எழுத்தும் மாறாது.

பழைய எஞ்சினுக்கு இன்னொரு பயனும் உண்டு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் தனி விதி வந்தது, சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யாமல் மூல வடிவில் வைத்திருப்பது அதற்கு நிபந்தனை. உங்கள் காருக்கு அந்த வயது 2034இல் வருகிறது. அவ்வாறு பதிவான வாகனத்தை அன்றாடம் ஓட்ட முடியாது என்பதால் அன்று நீங்கள் அதை விரும்பாமலும் போகலாம், ஆனால் அந்த வாய்ப்பை இன்றே வெட்டி எறிய வேண்டியதில்லை.

5 லட்சத்துக்குப் போகும் என்ற பேச்சைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு, கைமாறிய விலை வேறு. எஞ்சின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாத காரை வாங்க வருபவர் பத்து நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்து, அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார். தனிப்பட்ட உபயோகத்துக்கான கார் மூலதனச் சொத்தாகக் கருதப்படாததால் விற்ற லாபத்துக்கு வருமான வரி இல்லை, அதே காரணத்தால் நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. தந்தையின் காரை விற்பதற்காக நீங்கள் இதைச் செய்யவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அப்படியிருக்க அதை முதலீடு என்று சொல்லிக் கடனுக்கு நியாயம் தேட வேண்டாம், மனத்துக்குப் பிடித்த செலவு என்றே ஒப்புக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வழி இதுதான். மிஞ்சும் 7,500 ரூபாயில் 1,500 ரூபாயை வைப்பு நிதியை வளர்க்க விட்டுவிட்டு, 6,000 ரூபாயைத் தனியாக ஒரு தொடர் வைப்புக் கணக்கில் போடுங்கள். 36 மாதத்தில் அது வட்டியில்லாமலே 2,16,000 ரூபாய். மூன்று தீபாவளி போனஸையும் சேர்த்தால் 3,36,000 ரூபாய். வங்கி கேட்ட அதே மூன்று ஆண்டுகளில், காருக்கு 2,55,000 ரூபாய் போக, எதிர்பாராத செலவுக்கும் காகிதச் செலவுக்கும் 81,000 ரூபாய் கையில் நிற்கும். அந்த 81,000 ரூபாயைப் பெரிய தொகை என்று எண்ண வேண்டாம். 20 ஆண்டு கடந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டு முதல் 10,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு, நான்கு ஆண்டுத் தாமதத்துக்கே அது 24,000 ரூபாய் ஆகும். எந்த மாதத்திலிருந்து கணக்கிடுவார்கள் என்பதை அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய வாகனங்களுக்கான பசுமை வரியும் காப்பீடும் இதற்கு மேல்.

வேலையையும் பணம் சேரும் வேகத்துக்கே அமைத்துக்கொள்ளுங்கள். ஆர்வத்தில் ஒரே மாதத்தில் எஞ்சின், கதவு, கண்ணாடி, சீட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டால், பிரித்த கார் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். முதல் ஆண்டில் எஞ்சினும் பிரேக்கும் மட்டும், பெட்ரோல் குழாய்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள், இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் கால ரப்பர் தாங்காது. கார் தானாக ஓடி வாசலுக்கு வந்த பிறகு டிங்கரிங், அதன் பின் பெயின்ட், சீட் கடைசியில். பெயின்டை முந்திக்கொண்டு செய்தால் எஞ்சினை ஏற்றும்போது சங்கிலி உரசி பானட் ஓரம் போய்விடும், அதற்கு இன்னொரு கூலி.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, கார் இன்னும் உங்கள் தந்தையின் பெயரில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழில் உங்கள் தாயாரோ, உடன்பிறந்தவர்களோ இருந்தால் காரில் அவர்களுக்கும் உரிமை உண்டு. அவர்களது சம்மதக் கடிதத்தை வாங்கி, படிவம் 31இல் விண்ணப்பித்து ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுவதற்கான நடைமுறையை இப்போதே விசாரியுங்கள். இன்று இரும்பு விலைக்கு நிற்கும் காருக்குக் கையெழுத்துப் போட எவரும் தயங்க மாட்டார்கள். பளபளவென்று வாசலில் நிற்கும்போது போய்க் கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகக்கூடும்.