இ.ஆர்.பி. மென்பொருள் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் 60 பேர் வேலை செய்யும் பின்னலாடை நிறுவனம் நடத்துகிறேன். கணக்கு டேலி மென்பொருளில் இருக்கிறது. நூல், துணி விவரங்கள் நோட்டிலும் எக்செலிலும் ஓடுகின்றன. கொள்முதல், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் இ.ஆர்.பி. மென்பொருள் போட வேண்டும் என்கிறார் மகன். செலவுக்கேற்ற பலன் உண்டா?

பதில்: ஜி.எஸ்.டி.க்காக இ.ஆர்.பி. அவசியம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் கட்டாயமாகியுள்ள இ-இன்வாய்ஸை (அரசின் இணையதளத்தில் பதிவாகும் பில்) டேலியிலேயே எடுக்கலாம்.

உங்கள் பணம் கசியும் இடம் வேறு. நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புகிறீர்கள். துணி அங்கிருந்து சாயப்பட்டறைக்கும், பிறகு சுருங்காதபடி பதப்படுத்தும் காம்பாக்டிங்குக்கும் போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் எடை குறையும். சாயமேற்றுவதில் 5 சதவீதம் போகும் என்று காஸ்டிங் போட்டு விலை சொன்ன ஆர்டரில் 8 சதவீதம் போனால், 1,000 கிலோவுக்கு 30 கிலோ துணி கூடுதலாகக் குறைகிறது. சட்டைக்கு 200 கிராம் என்று வைத்தால் அது 150 சட்டைகளுக்கான துணி. சரக்கோடு போகும் டெலிவரி சலானில் (டி.சி.) உள்ள இந்த எடைகள் ஆர்டர் வாரியாக ஒரே இடத்தில் சேராததால், சரக்கு கப்பலேறிய பிறகுதான் நஷ்டம் தெரியவருகிறது. ஆர்டர் ஓடும்போதே தெரிந்தால் பட்டறையிடம் பேசலாம். அடுத்த முறை எந்த பையரின் விலைக்கு ஒத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்றும் முடிவு செய்யலாம். வியாபார உத்தியைத் தகவல் தொழில்நுட்பம் மாற்றும் இடம் இதுதான். மற்றவை பெரும்பாலும் எழுத்து வேலையைக் குறைப்பவை. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கூலிக்குச் செய்து தர, அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் அதை விற்பனையாகவே ஜி.எஸ்.டி. சட்டம் கருதுவதாலும் டி.சி. பதிவு துல்லியமாக இருந்தாக வேண்டும்.

ஆகவே, மென்பொருளுக்கு முன் நிறுவன வாசலில் ஒழுங்கு வர வேண்டும். உள்ளே வரும், வெளியே போகும் ஒவ்வொரு மூட்டையும் எடை போடப்பட்டு, ஆர்டர் எண்ணும் லாட் (சரக்குத் தொகுதி) எண்ணும் அன்றைக்கே பதிவாக வேண்டும். மூன்று மாதம் இதை எக்செலில் செய்து பாருங்கள். ஸ்டோர்காரர் அதையே சாயங்காலம் நினைவிலிருந்து எழுதுகிறார் என்றால், லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கும் மென்பொருளும் அதே தவறான எண்ணைத்தான் அழகாகக் காட்டும்.

பதிவு நிலைத்துவிட்டால் வாங்கலாம். ஆனால் ஏற்றுமதி நெருக்கடியான மாதங்களில் மாற்றத்தைத் தொடங்காதீர்கள். அமெரிக்க சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி, ஹாலோவீன் பண்டிகை விற்பனை நெருங்கிய 1999 ஜூலையில் புதிய இ.ஆர்.பி. அமைப்புக்கு மாறியதால், கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை உரிய நேரத்தில் அனுப்ப முடியாமல் திண்டாடியது.

டெமோவில் விற்பனையாளரின் மாதிரித் தரவைப் பார்த்து மயங்க வேண்டாம். அது எப்போதும் கச்சிதமாகவே இருக்கும். நீங்கள் முடித்த ஓர் ஆர்டரின் டி.சி.க்களையும் பில்களையும் கொடுத்து, கிலோவுக்கு ஆன அடக்கவிலையை உங்கள் கண்முன்னே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சந்தாவை நிறுத்தினால் உங்கள் தரவு முழுவதும் எக்செல் கோப்பாகக் கைக்கு வரும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.