நாளைக்கு நாய்க்குட்டி வருதா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றன்

நான் டொக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிர்றன். நாய் பூனைக்கு மருந்து பாக்கிற இடமொண்டில 12 வருஷம் கூடமாட நிண்டவன், வீட்டுலயும் எப்பவும் ரெண்டு மூணு நாய் இரிக்கும். ஊசி மருந்து அளவு மட்டும் டொக்டர்ட்ட கேளுங்க, மத்ததெல்லாம் இஞ்ச கேளுங்க.

கல்லடி தங்கச்சி: அண்ண, நாளைக்கு வெள்ளன குட்டி எடுக்கப் போறம், இன்னும் ஒண்டுமே வாங்கல்ல. என்ன வாங்கிற?

கடைக்கு ஓடாதீங்க தங்கச்சி. மெத்தை பெல்ட் விளையாட்டுச் சாமான் எல்லாம் மறுகா பாத்துக்கலாம். கவிழாத பாரமான ரெண்டு கோப்பை, ஒரு காட்போட் பெட்டி, பழைய பேப்பர், பழைய சாறி, இவ்வளவும் வீட்டுலயே கிடக்கும். இண்டைக்கு ராவு செய்ய வேண்டிய வேல என்னெண்டா குட்டி தாறவங்களுக்கு கோல் எடுத்து எத்தின நாள் குட்டி, என்ன சாப்பாடு எத்தின தரம் குடுக்கிறாங்க, பூச்சிக் குளிசையும் ஊசியும் என்னைக்கு குடுத்த எண்டு கேட்டு எழுதி வைக்கிறதுதான். நாளைக்கு போகக்குள்ள ஒரு துணியும் கொண்டு போங்க, தாய்ல நல்லா தேச்செடுத்துட்டு வந்து பெட்டிக்குள்ள போடுங்க.

செங்கலடி தம்பி: குட்டிக்கு 35 நாள்தான் ஆகுது, ஆனா அவங்க உடனே எடுத்துட்டு போகச் சொல்றாங்க.

வேணாம் மனே. 8 கிழமை தாயோட இரிக்கணும். கூடப் பிறந்ததுகளோட கடிபட்டுத்தான் எவ்வளவு கடிச்சா மத்ததுக்கு நோகும் எண்டு பழகும், இடையில பிரிச்சா அந்தப் பழக்கம் உங்கட கைல காலுலதான் நடக்கும். இன்னும் மூணு கிழமை பொறுக்கச் சொல்லுங்க, வேணுமெண்டா சாப்பாட்டுச் செலவ நீங்க குடுங்க.

களுவாஞ்சிகுடி அக்கா: தம்பி, பால்மா கரைச்சி குடுத்தா போதும்தானே?

எல்லாரும் செய்ற பிழை இதுதான்கா. பசுப்பாலும் பால்மாவும் கனக்க குட்டிக்கு ஒத்துக்காது, வயித்தோட்டம் போகும். 8 கிழமைக் குட்டிக்கு தண்ணி போதும். முதல் கிழமை அங்க என்ன திண்டிச்சோ அதையே குடுங்க, பேந்து ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமா ஒரு கிழமைக்குள்ள மாத்துங்க. வீட்டுச் சாப்பாடெண்டா குழைஞ்ச சோறு, முள் எடுத்த அவிச்ச மீன், அல்லது கோழி, நாளைக்கு நாலு தரம். ஆனா மாசக் கணக்கா அது மட்டும் போதாது, வளருற குட்டிக்கு வேற சத்தும் வேணும். குழம்புச் சோறு குடுக்க வேணாம், அதுல வெங்காயம் உள்ளி ரெண்டும் இரிக்கு, நாய்ட ரத்தத்துக்கு கூடாது. சொக்லட்டும் முந்திரிகைப்பழமும் (திராட்சை) கண்ணுலயே காட்டாதீங்க.

காரைதீவுல இருந்து ஒருத்தர்: போன மாசம் எங்கட குட்டி சத்தி எடுத்து ரத்தமா வயித்தால போய் செத்துட்டு. பிள்ளைகள் அழுறாங்க எண்டு புதுசொண்டு பாத்து வச்சிருக்கம். அதே வளவுக்கு கொண்டு வரலாமா?

நீங்க சொல்றத பாத்தா பார்வோ எண்ட வைரஸ் நோய் மாதிரித்தான் இரிக்கு. இதுல நானே அடிபட்டவன். பல வருஷத்துக்கு முதல் ஒரு குட்டி இப்பிடித்தான் போச்சு, வீடெல்லாம் டெட்டோல் போட்டு கழுவினன், சாக்கையும் கோப்பையையும் வெயில்ல காய வச்சன், இனி ஒண்டும் இல்ல எண்டு ரெண்டு கிழமைல மத்தக் குட்டிய கொண்டு வந்தன். ஆறாம் நாள் விடிய அது குசினிக் கதவுக்குப் பின்னால சுருண்டு கிடந்திச்சு, பேர் சொல்லிக் கூப்பிட வால மட்டும் ஒருக்கா ஆட்டிச்சு. அதுவும் தப்பல்ல. டெட்டோலுக்கு அந்த வைரஸ் சாகாது எண்டு பேந்துதான் படிச்சன்.

சவர்க்காரம் போட்டு கழுவிப்போட்டு, குளோரின் பிளீச் 1 பங்குக்கு தண்ணி 30 பங்கு கலந்து சீமெந்துத் தரைல ஊத்தி 10 நிமிஷம் ஈரமா விட்டு கழுவணும். சாக்கு, மெத்தைய எரிச்சிருங்க. வளவு மண்ணுக்கு ஒண்டும் செய்யேலா, அதுக்குள்ள ஒரு வருஷம் வரைக்கும் உயிரோட கிடக்கும். அதால என்ட கதை இதுதான்: ஊசி எல்லாம் முடிஞ்ச பெரிய குட்டியா பாருங்க. இல்ல சின்னதுதான் எண்டா ஊசி 3, 4 கிழமைக்கு ஒருக்கா 16 கிழமை வயசு வரைக்கும் போடுறது, அது முடியிறவரை மண்ணுல விடாதீங்க, வெளில போட்ட செருப்போட உள்ளுக்கு வராதீங்க. ஒரு ஊசி போட்டாச்சி தானே எண்டு நினைச்சித்தான் கனபேர் குட்டிய பறிகுடுத்திருக்காங்க.

ஆரையம்பதி மாமி: ராவெல்லாம் கத்துமே தம்பி, பக்கத்து வீட்டுக்காரங்க ஏசுவாங்களே.

கத்தும்தான் மாமி, தாய விட்டுப் பிரிஞ்சது கத்தாம என்ன செய்யும். வெளி விறாந்தைல தனிய போடாம முதல் மூணு நாலு ராவு பெட்டிய உங்கட கட்டிலுக்குப் பக்கத்துல வைங்க, கத்தினா கைய தொங்கப் போட்டு மணக்க விடுங்க. நடுச்சாமத்துல ஒருக்கா ஒண்டுக்கு கொண்டு போங்க, லைற் போட்டு விளையாட்டு காட்டாம அப்பிடியே கிறுகி வந்திருங்க. பகல்லயும் முழிச்ச உடனே, திண்ட உடனே, விளையாடி முடிஞ்ச உடனே கொண்டு போனா வீட்டுக்குள்ள நனையிறது பாதிக்கு மேல குறையும்.

கல்முனைப் பொடியன்: மட்டக்களப்புக்கு ஓட்டோல கொண்டு போகணும் அண்ண.

விடிய ஆறு மணிக்கே வெளிக்கிடு மனே, கச்சான் காத்து அடிக்கிற காலமெண்டா பத்து மணிக்குப் பிறகு ஓட்டோ உள்ளுக்கு பாண் போறணை மாதிரி. வெளிக்கிட ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள சாப்பாடு குடுக்காத, சத்தி எடுக்கும்.

திருக்கோவில் அண்ணன்: வளவுல என்ன பாக்கணும்?

குட்டிட உயரத்துக்கு குனிஞ்சி ஒரு சுத்து வாங்க, அப்பதான் தெரியும். படலைக்குக் கீழ இடைவெளி, கட்டில்லாத கிணறு, எலிப்பாஷாணம், மஞ்சள் அலரி, அலரில காயும் இலையும் எல்லாமே நஞ்சு. கடற்கரைப் பக்கம் எண்டதால இன்னொண்டு, தூண்டில். மீன் மணம் இருந்தா முள்ளோட விழுங்கிரும், தூண்டில் நூல் வெளில தொங்குதெண்டு இழுக்கப் போகாம அப்பிடியே டொக்டர்ட்ட கொண்டு ஓடுங்க. காய்ச்சலெண்டு பனடோலும் குடுக்காதீங்க.

பாண்டிருப்பு அம்மா: வீட்டுல 4 வயசுப் பிள்ளை இரிக்கு, பயமா இரிக்கு.

ரெண்டையும் தனிய விடாதீங்க, அவ்வளவுதான். சின்னக் குட்டிதானே எண்டு கடிய கணக்கெடுக்காம விடாதீங்க, குட்டியாலயும் விசர் (ரேபிஸ்) வரும். பல்லோ நகமோ பட்டு தோல் கிழிஞ்சா ஓடுற தண்ணில சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவிப்போட்டு ஆசுபத்திரிக்கு போங்க. குட்டிக்கு விசர் ஊசி எப்ப எண்டு முதல் தரம் காட்டக்குள்ளயே கேட்டு வைங்க.

மறுகாவும் கல்லடி தங்கச்சி: அண்ண, அந்தத் துணிக்கு புதுத் துவாய் வாங்கட்டா?

ஐயோ வேணாம், உங்கட வீட்டு ஆக்கள் ரெண்டு நாள் உடுத்த சாரமோ சட்டையோ போதும், கழுவாம கொண்டு போங்க. உங்கட மணமும் தாய்ட மணமும் ஒண்டா கிடக்கட்டும். ஒரு கிழமைக்கு அத தோய்க்க வேணாம் எண்டு அம்மாட்டயும் சொல்லி வைங்க.