பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய், நான்கு கீமோ முடிந்திருக்கிறது. நோயைப் பற்றி யாரும் பேசக் கூடாது, எதிரே அழக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் யூடியூபில் ஆன்மிகச் சொற்பொழிவு போட்டுவிடுகிறேன். கோயிலுக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். போன மாதம் புடவைகளை எடுத்து வைத்துக்கொண்டு இது அவளுக்கு, இது இவளுக்கு என்று ஆரம்பித்தார். அதனால் பீரோ சாவியைக்கூட நான்தான் வாங்கி வைத்திருக்கிறேன். அவருக்கு மனதைரியம் வர என்ன செய்வது? (வாசகர், பெரம்பூர்)

பதில்: தம்பி, தைரியத்தை விடுங்கள், சாவிக்கு வாருங்கள். 'கூட' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான்கு கீமோவில் முடி போயிருக்கும், நாக்கில் ருசி போயிருக்கும், அடுப்படியும் அநேகமாக மருமகள் கைக்குப் போயிருக்கும். இத்தனை வருஷம் இடுப்பில் செருகியிருந்த அந்தச் சாவி ஒன்றுதான் மிச்சம், அதையும் பெற்ற பிள்ளை பிடுங்கிக்கொண்டால் அவர் சுவரைப் பார்க்காமல் யாரைப் பார்ப்பார்?

புடவையைப் பிரித்துக் கொடுப்பது அபசகுனம் இல்லை. நோய் நல்லபடியாகக் குணமான பெண்களும் செய்திருக்கிறார்கள். அந்த அரக்குப் பட்டு யார் கல்யாணத்துக்கு எடுத்தது, எந்தக் கஷ்டத்தில் அடகுக்குப் போய்த் திரும்பியது என்றெல்லாம் சொல்ல அவருக்கு ஒரு ஆள் வேண்டும். பயம் உங்களுக்கு, வாயைக் கட்டியது அவருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டுவதும் பில் கட்டுவதும் மட்டும்தான் மகன் கடமை என்று நான் நினைக்கவில்லை. 'நான் போய்விட்டால்' என்று அம்மா ஆரம்பிக்கும்போது எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதும் கடமைதான்.

கோயில் விஷயம். கீமோ ஏற்றிய பிறகு சுமார் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் ரொம்பவும் குறைந்திருக்கும், அப்போது வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போனால் தொற்றுதான் பிரசாதம். அதுவும் போக, அவருக்குச் சாமி மேல் கோபம் இருக்கலாம். இருக்கட்டுமே. இத்தனை காலம் விளக்கேற்றியவருக்கு 'எனக்கு ஏன்?' என்று சண்டை போட உரிமை இல்லையா? அவர் கேட்காமல் அந்தச் சொற்பொழிவைப் போடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம். இந்தப் படுக்கை, சாப்பாட்டில் தூக்கத்தில் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்தைத் தாண்டினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. மனச்சுமையை 0 முதல் 10 வரை நோயாளியையே மதிப்பெண் போடச் சொல்லும் முறை இருக்கிறது, 4 அல்லது அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும் என்பார்கள். 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்றே உளவியல் பிரிவு இருக்கிறது. நீங்கள் வேறு இடத்தில் பார்த்தாலும் அடுத்த கீமோவுக்குப் போகும்போது டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்காதீர்கள், அவரையும் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இன்று ராத்திரி சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பீரோ எதிரே தரையில் உட்காருங்கள். நாப்தலின் உருண்டை வாசனையோடு ஒவ்வொன்றாக வெளியே வரும். அவர் அழுவார், நீங்களும் அழுவீர்கள், போன் அடித்தால் எடுக்காதீர்கள். உங்கள் மனைவிக்கு என்று ஒரு புடவையை எடுத்து நீட்டினால், 'இப்ப எதுக்கு அத்தை' என்று சொல்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.