வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் மின்தடையும் திறனும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் எடுக்கும் இஸ்திரிப் பெட்டியின் மின்தடையும் திறனும் என்ன?

பதில்: வணக்கம் அம்மா. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். 230 ÷ 4.35 என்பது ஏறத்தாழ 53 ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன். 230 × 4.35 என்பது ஏறத்தாழ 1000 வாட். இதே பெட்டி ஒரு மணி நேரம் இடைவிடாமல் சூடேறினால் ஒரு யூனிட் செலவாகும். ஆனால் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் அவ்வப்போது மின்சாரத்தைத் துண்டிப்பதால், உண்மையில் அதைவிடக் குறைவாகவே ஆகும்.

கேள்வி: சார், நான் பாலிடெக்னிக் மாணவன். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் திறன் என்கிறார்கள். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தாலும் திறன் என்கிறார்கள். முதல் சூத்திரப்படி மின்தடை கூடினால் சூடு கூடுகிறது, இரண்டாவதன்படி குறைகிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி, தம்பி. எது மாறாமல் நிற்கிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளாமல் சூத்திரத்தை எடுப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

வீட்டில் எல்லாக் கருவிகளும் பக்க இணைப்பில் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய அதே 230 வோல்ட் கிடைக்கிறது. மின்னழுத்தம் மாறாத இந்த நிலையில், மின்தடை குறைந்த கருவியே அதிகத் திறன் கொண்டது: 2000 வாட் ஹீட்டருக்கு 26.45 ஓம், 1000 வாட் ஹீட்டருக்கு 52.9 ஓம். தொடரிணைப்பில் மின்னோட்டம்தான் எங்கும் ஒன்றாக இருக்கும். 40 வாட், 100 வாட் குண்டு பல்புகளைத் தொடராக இணைத்துப் பார்த்தால், மின்தடை அதிகமுள்ள 40 வாட் பல்பே பிரகாசமாக எரியும்.

இதை ஏட்டுக் கணக்காக மட்டும் விட்டுவிடக் கூடாது. அந்த 2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் எடுக்கிறது. பிளக்கின் ஒரு முனை தளர்ந்து, சாக்கெட்டில் தொடும் இடத்தில் வெறும் 0.2 ஓம் மின்தடை உண்டாகிவிட்டதாகக் கொள்வோம். அந்த இடத்தின் வழியாகவும் அதே மின்னோட்டம்தான் ஓட வேண்டும், 8.7 × 8.7 × 0.2 என்று கணக்கிட்டால் சுமார் 15 வாட். இழப்பு 2 வோல்ட்டுக்கும் குறைவு என்பதால் தண்ணீர் வழக்கம்போல் சுடும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அந்த 15 வாட்டும் ஒரு சிறு பித்தளை முனையில் குவிவதால் பிளாஸ்டிக் முதலில் பழுப்பேறி, பிறகு கருகி, சூட்டில் தொடுமுனை மேலும் தளர்ந்து மின்தடை இன்னும் கூடுகிறது. துளையைச் சுற்றிக் கருமை தெரிந்தால் பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

கேள்வி: அண்ணா, வயரிங் வேலை பழகுகிறேன். 100 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் பார்த்தால் 40 ஓம் அளவே காட்டுகிறது. கணக்குப்படி 529 வர வேண்டுமே?

பதில்: மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. நீங்கள் அளந்தது குளிர்ந்த டங்ஸ்டன் இழையை. எரியும்போது அது 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறுவதால், மின்தடை பத்து மடங்குக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. சுவிட்சைப் போட்ட கணத்தில் 5 ஆம்பியருக்கு மேல் பாயக்கூடும் என்பதால்தான், பழைய பல்புகள் பெரும்பாலும் போடும்போதே பீஸ் போகின்றன. ஹீட்டர்களில் உள்ள நிக்ரோம் கம்பியில் இந்த வேறுபாடு மிகச் சிறியது. ஓம் அளக்கும் நிலையில் மீட்டரை வைத்துக்கொண்டு, மின்சாரம் உள்ள கருவியை ஒருபோதும் தொடாதீர்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் கிணற்றில் 1 குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடுகிறது. காயிலில் 3 ஓம்தான் காட்டுகிறது, ஆனால் கிளாம்ப் மீட்டரில் 6 ஆம்பியரே வருகிறது. வோல்டேஜ் குறையும்போது காயில் ஏன் எரிகிறது?

பதில்: மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் மோட்டாரில், கம்பியின் மின்தடையைவிடச் சுருளின் காந்தப்புலமும் சுழற்சியால் உண்டாகும் எதிர் மின்னியக்கு விசையுமே (வரும் மின்னழுத்தத்தை எதிர்க்கும் மின்னழுத்தம்) மின்னோட்டத்தைப் பெரிதும் கட்டுப்படுத்துகின்றன. எனவே 230 ÷ 3 என்ற கணக்கு இங்கே பொருந்தாது. திறனுக்கும் வெறும் பெருக்கல் போதாது. திறன் காரணியையும், அதாவது அந்தப் பெருக்கல் தொகையில் உண்மையான திறன் எவ்வளவு பங்கு என்பதையும், சேர்க்க வேண்டும். அது 0.75 என்றால், 230 × 6 × 0.75 = 1035 வாட்.

வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் 2000 வாட் ஹீட்டர் சுமார் 1225 வாட்டே தரும், மின்னோட்டமும் குறையும். அதற்கு ஆபத்து இல்லை. மோட்டாருக்கோ இறைக்க வேண்டிய நீரும் ஆழமும் அப்படியே இருக்கின்றன. அந்தச் சுமையைத் தாங்க அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. 6 ஆம்பியர் 8 ஆனால், காயிலின் சூடு மூன்றில் ஒரு பங்கு கூடுவதில்லை, வர்க்கக் கணக்கில் 1.78 மடங்காகிறது. சுற்றும் வேகம் குறைவதால் காற்றோட்டமும் குறைகிறது. ஆகவே குறைந்த வோல்டேஜிலும் அதிக மின்னோட்டத்திலும் தானாக நிறுத்தும் பாதுகாப்பு ஸ்டார்ட்டரைப் பொருத்திக்கொள்ளுங்கள். ரீவைண்டிங் செலவைவிட அது குறைவாகவே இருக்கும்.

கேள்வி: சார், 12 வோல்ட்டில் ஒரு வெள்ளை எல்.இ.டி. எரிய என்ன ரெசிஸ்டர் போடலாம்?

பதில்: எல்.இ.டி.க்கு 3 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் என்று கொண்டால், மீதி 9 வோல்ட்டை 0.02 ஆம்பியரால் வகுக்க 450 ஓம் வரும். கடையில் கிடைக்கும் அடுத்த அளவான 470 ஓமை வாங்குங்கள். அதில் சுமார் 0.17 வாட் சூடாகும். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும் என்றாலும், நெடுநேரம் எரிய வேண்டுமானால் அரை வாட் போடுவது நல்லது.