சேகா கம்பெனியின் ட்ரீம்காஸ்ட் நல்ல வீடியோ கேம் கன்சோல் என்கிறார்கள், பிறகு ஏன் ஓடவில்லை?

என்னிடம் ஒன்று இருந்தது. 2002-ல் மும்பை லாமிங்டன் ரோட்டில் பழையதாக வாங்கினோம். பணம் எடுக்கும் முன் அப்பா கேட்ட ஒரே கேள்வி: "இதுல படம் பாக்கலாமாடா?"

முடியாது. அதற்குள் போவது சேகாவுக்காக யமஹா உருவாக்கிய ஜிடி-ராம் வட்டு, சுமார் 1 ஜிபி. 2000-ல் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 2-வோ (பிஎஸ்2) டிவிடியும் ஓட்டியது. உலகம் முழுக்க அப்பாக்கள் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்!

ஆனால் தொடக்கம் அமர்க்களம். 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் 199 டாலருக்கு இறங்கி, முதல் நாளே கிட்டத்தட்ட 10 கோடி டாலருக்கு விற்றது. பெட்டியிலேயே போன் லைன் வழியாக இன்டர்நெட்டுக்குப் போக மோடம் வேறு. (எங்கள் மாட்டுங்கா வீட்டில் போன் லைன் எதிர்ச்சுவரில் இருந்தது. ஒரு நாளும் சொருகியதில்லை.)

திருட்டு சிடிதான் கொன்றது என்பார்கள். வீடியோ, படம் சேர்த்த இசைத்தட்டுகளுக்காக வைத்த மில்-சிடி வசதி வழியாகத்தான் காப்பி கேம்கள் ஓடின. நானும் நடைபாதையில் வாங்கியவன், யோக்கியன் வேஷம் போட மாட்டேன். ஆனால் முதல் பிளேஸ்டேஷனிலும்தான் திருட்டு சிடி ஓடியது, அது விற்காமலா போனது?

என் கணக்கில் வினை முன்பே விதைத்தது. பழைய சேகா கன்சோலின் மேல் சொருகும் கூடுதல் பெட்டியான 32எக்ஸை ஓராண்டு சொச்சத்தில் கைகழுவினார்கள். 1995 செப்டம்பரில் வரவேண்டிய அடுத்த கன்சோல் சாட்டர்னை மே மாதமே, சில கடைகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். மற்ற கடைக்காரர்கள் கடுப்பானார்கள். சூடுபட்டவர்கள் ட்ரீம்காஸ்ட்டை வாங்காமல் பிஎஸ்2-வுக்குக் காத்திருந்தார்கள். பெரிய கேம் கம்பெனியான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ட்ரீம்காஸ்ட்டுக்குக் கேம் தரவேயில்லை. சேகா தலைவர் இசாவோ ஒகாவா சொந்தச் சொத்தையே கம்பெனிக்குக் கொடுத்தும் தாங்கவில்லை. 2001 ஜனவரி 31 அன்று உற்பத்தி நிறுத்தம் என்று அறிவித்தார்கள். விற்றது சுமார் 91 லட்சம். பிஎஸ்2 கடைசியில் 15 கோடியைத் தாண்டியது.

எங்கள் வீட்டுப் பெட்டியில் மெமரி கார்டின் பட்டன் செல் தீர்ந்துபோய், ஆன் செய்யும்போதெல்லாம் பீப்ப்ப் என்று கத்தும். அம்மா அடுக்களையிலிருந்து "குக்கர் இல்லையே, என்ன சத்தம்?" என்பாள். அடுத்த தீபாவளிக்கு அப்பா டிவிடி பிளேயர் வாங்கிவந்தார். டிவியில் ஏவி சொருக இடம் ஒன்றுதான். அன்று பிடுங்கிய மஞ்சள் ஒயரைத் திரும்பச் சொருக எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.