இரும்பு, மரம், இணைப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எத்தனை இஞ்ச் பைப் போடலாம்?’ என்ற ஒரே கேள்விதான். அளவு இல்லை, படம் இல்லை, என்ன கூரை என்றுகூட இல்லை. அவற்றில் ஒன்றை மட்டும் மாதிரிக்கு எடுத்துக்கொண்டேன்.

முந்திரிக்கொட்டை வைக்க 40 அடி அகலத்தில் ஷெட் போடுகிறேன். கூரையைத் தாங்கும் டிரஸ் சட்டத்துக்கு எந்த பைப் போதும்? (பண்ருட்டி வாசகர்)

40 அடி என்பது கால் கேள்வி. ஒரு டிரஸ்ஸுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி எத்தனை, தூண் உயரம் என்ன, சுவர் உண்டா, ஒரு பக்கம் திறந்து கிடக்குமா? இவை தெரியாமல் பைப் சொல்பவர் ஜோசியர். காற்றை மட்டும் நான் சொல்கிறேன். நம் கடற்கரைப் பக்கம் கணக்கில் எடுக்க வேண்டிய அடிப்படை வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அழுத்தமாகப் பார்த்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. உடைக்கிற, வறுக்கிற வேலையும் அங்கேயே நடந்து அது தொழிற்கூடமாகிவிட்டால், கரையிலிருந்து 60 கி.மீ.க்குள் 1.15 என்ற புயல் காரணியும் வேகத்தோடு பெருகும் (காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, 2015). வேகம் 15 சதவீதம் ஏறினால் அழுத்தம் 30 சதவீதத்துக்கு மேல் ஏறும். மற்றதை டேப் வைத்து அளந்து எழுதுங்கள்.

4.6 போல்ட் தீர்ந்துவிட்டதால் பாதி ஓட்டைகளில் 8.8 போட்டார்கள். சரியா? (நெல்லிக்குப்பம்)

4.6, 8.8 என்பவை போல்ட்டின் பலத் தரம், எண் ஏறினால் பலம் ஏறும். 8.8 போட்டதால் கெடுதல் இல்லை. ஆனால் கணக்கில் எல்லாமே 4.6 தான். 20 மி.மீ. விட்டமுள்ள எம்-20 என்றால் ஒரு வெட்டுத் தளத்துக்கு (தகடுகள் நகர்ந்து போல்ட்டை வெட்டப் பார்க்கும் இடம்) ஏறக்குறைய நாலரை டன். இதன் மறுபக்கம்தான் ஆபத்து: படத்தில் 8.8 என்று இருக்க, கடைக்காரர் 4.6 கொடுத்துவிட்டால் பலம் பாதி போயிற்று. போல்ட் தலையில் எண் பொறித்திருக்கும், படித்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

சேனலைப் படுக்கவைத்து உத்திரமாகப் போடலாமா? உயரம் மிச்சமாகும். (திருப்பாதிரிப்புலியூர்)

மிச்சமாகும், கூடவே தொங்கும். ஐ.எஸ்.எம்.சி. 150 (150 மி.மீ. உயரச் சேனல்) நிமிர்ந்து நிற்கும்போது தாங்குவதில் ஐந்தில் ஒரு பங்குதான் படுத்தால் தாங்கும். வேண்டாம்.

டிரஸ்ஸின் கீழ்த்தண்டு இழுவிசை உறுப்புதானே? மெலிவு விகிதம் 350 வரை போகலாம் என்று எஃகுக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800 சொல்கிறது. எங்கள் ஆசிரியர் ஏன் குறைக்கச் சொல்கிறார்? (சிதம்பரம், பொறியியல் மாணவி)

உங்கள் ஆசிரியருக்கு என் வணக்கம். மற்ற வாசகர்களுக்கு ஒரு வரி: தண்டின் நீளத்தை அதன் சுழலாரத்தால் (குறுக்குவெட்டு நடுவிலிருந்து எவ்வளவு விரிந்திருக்கிறது என்ற அளவு) வகுத்தால் வருவது மெலிவு விகிதம். அது ஏறினால், அமுக்கும்போது தண்டு சீக்கிரம் வளையும். அந்த அட்டவணையை வரி முழுக்கப் படியுங்கள். காற்றால் விசை திரும்பும்போது ‘இந்த உறுப்பு அமுக்கத்தைத் தாங்காது’ என்று கணக்கில் ஒதுக்கிவிட்ட தண்டுக்குத்தான் 350. தகரக் கூரை கொண்ட லேசான ஷெட்டில், நம் ஊர்க் காற்று கூரையின் எடையைவிடப் பல மடங்கு மேல்நோக்கி இழுக்கும். அப்போது மேல்தண்டு இழுபடும், கீழ்த்தண்டு அமுங்கும். கீழ்த்தண்டை ஒதுக்கிவிட்டால் அந்த விசையை ஏற்க அங்கே வேறு தண்டே இல்லை. ஆக 250-க்குள் கொண்டுவந்து, அமுக்கத் தாங்குதிறனையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

நடுவே 8 மி.மீ. தகடு வைத்து முதுகோடு முதுகு சேர்த்த இரண்டு 50×50×6 ஆங்கிளுக்குப் பக்கவாட்டுச் சுழலாரம் சுமார் 24 மி.மீ. 12 மீட்டர் டிரஸ்ஸில் பக்கவாட்டுப் பிடிமானமே இல்லையென்றால் விகிதம் 500! நடுவில் ஓர் இடத்தில் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் டை கட்டினால் 250. அந்த ஒரு டையை ‘தேவையில்லாத செலவு’ என்று வெட்டிய காண்ட்ராக்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளை நகரத்தில் பழைய வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை. ஒரு தேக்கு உத்திரத்தின் முனை சுவருக்குள் மட்கிவிட்டது. எடுத்துவிட்டு ஐ-பீம் போடச் சொல்கிறார்கள். (புதுச்சேரி)

அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு திருப்புளியை முனையில் குத்திப் பாருங்கள். எந்த இடத்தில் குத்தினால் இறங்கவில்லையோ அங்கிருந்து நல்ல மரம். பெரும்பாலும் சுவருக்குள் இருக்கும் ஓர் அடிதான் போயிருக்கும், மற்றது இன்னும் இரண்டு தலைமுறைக்கு நிற்கும். மட்கியதற்குக் காரணம் மரத்தின் வயதில்லை, மேலே ஒழுகுகிற நீர்த்தாரை. அதை அடைக்காமல் எதை மாற்றினாலும் வீண்.

முட்டுக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் ஓடுமாக அந்தக் கூரை சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிலோ இருக்கும். மட்கியதை வெட்டி எடுத்து, இரு பக்கமும் சேனல் வைத்து, நல்ல மரத்துக்குள் நீளமாக ஏற்றி போல்ட் போடலாம். இரும்பின் விறைப்பு தேக்கைப்போல ஏறக்குறைய 20 மடங்கு. அதனால் சேனல் இருக்கும் நீளத்தில் சுமையை அதுவே எடுத்துக்கொள்ளும், மரம் பேருக்குத்தான் உதவும். சேனலைத் தனியாகவே முழுச் சுமைக்கும் கணக்கிடுங்கள். போல்ட்டுகளை ஒரே நேர்க்கோட்டில் வைத்தால் மரம் நாரோடு பிளக்கும், மேலும் கீழுமாக மாற்றி வையுங்கள். மர முனையிலிருந்து போல்ட் விட்டத்தைப் போல 7 மடங்கு உள்ளே தள்ளித்தான் முதல் ஓட்டை. பெரிய வாஷர் போடுங்கள். சுவருக்குள் போகும் முனையைச் சிமென்ட் வைத்துப் பூசி மூடாமல் சுற்றிலும் விரல் கனம் காற்றுக்கு விடுங்கள்.

2014 நவம்பர் மழையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மேரி என்ற பழைய நகராட்சிக் கட்டடம் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு, பழைய கட்டடத்தில் தண்ணீர் இறங்குவது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மொட்டை மாடியில் 20×30 அடிக்குத் தகர ஷெட். வெல்டர் எல்லா இணைப்பிலும் டேக் (பொட்டு வெல்டு) மட்டும் வைத்துவிட்டு, ‘சார், பெயின்ட் அடிச்சா தெரியாது’ என்கிறார். தூண்களைக் கைப்பிடிச் சுவர் மேல் நிறுத்தியிருக்கிறார். போதுமா? (மஞ்சக்குப்பம்)

பெயின்ட் அடித்தால் உங்களுக்குத் தெரியாது, காற்றுக்குத் தெரியும்.

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. அடுத்த வாரம் முழுக்க விழுந்த ஷெட்டுகளைப் பார்த்தபடி அலைந்தேன். வளைந்த பைப்பைவிடக் கழன்ற பைப்தான் அதிகம். ஓர் இடத்தில் முழு டிரஸ், ஒரு தண்டுகூடக் கோணாமல், பக்கத்து நெல் வயலில் சாய்ந்து கிடந்தது. முனையில் பொட்டு வைத்தாற்போல இரண்டு டேக். அதன் உரிமையாளரும் பைப் சைஸ் மட்டும் கேட்டவர்தான்.

கணக்குக்கு வாருங்கள். 3 மி.மீ. ஃபில்லட் (மூலை) வெல்டுக்குக் குறைந்தபட்சப் பயன் நீளம் அளவைப் போல 4 மடங்கு, 12 மி.மீ. உங்கள் டேக் 10 மி.மீ. இருந்தால் அதிகம், அதிலும் முனைக்கு 3 மி.மீ. வீதம் இரு முனைகளைக் கழித்தால் 4 மி.மீ. தேறும். விதிப்படி அதன் பலம் பூஜ்யம். போனால் போகிறது என்று சேர்த்தாலும் 130 கிலோ. அதே 3 மி.மீ. வெல்டை 60 மி.மீ. பைப்பைச் சுற்றி முழுதாக ஓட்டினால், வேலையிடத்தில் வைக்கும் வெல்டுக்காகக் குறைப்பது போகவும் 6 டன் தாங்கும். செலவு? இணைப்புக்கு இரண்டு ராடு.

ஜி.ஐ. பைப் என்றால் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு வெல்டு வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை. பிறகு அந்த இடத்தில் பிரைமர். நனைந்த ராடு வேண்டாம், நம் ஊர் ஈரக்காற்றில் திறந்த பெட்டி ஒரு நாளில் கெட்டுப்போகும்.

இனி கைப்பிடிச் சுவர். உங்கள் கூரை சுமார் 56 சதுர மீட்டர். நான்கு பக்கமும் திறந்த ஷெட் மேல்நோக்கி 8 டன் அளவுக்கு இழுபடலாம். தகரமும் பைப்பும் சேர்ந்து 800 கிலோ. ஆக 7 டன்னுக்கு மேல் யாரோ கீழே பிடிக்க வேண்டும். எட்டுத் தூண் என்றால் தூணுக்கு 900 கிலோ. நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவர் 3 அடி உயரத்துக்கு மீட்டருக்கு 200 கிலோதான். சுவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டில் இறங்கும். தூணை கான்கிரீட் தூண் தலையின் மேலோ பீம் மேலோ நிறுத்தி, பேஸ் பிளேட்டும் (அடித்தகடு) கெமிக்கல் ஆங்கரும் (பசை ஊற்றிக் கான்கிரீட்டில் பதிக்கும் போல்ட்) போடுங்கள். தகரத்திலிருந்து அஸ்திவாரம் வரை இழுவிசை போகும் வழியை ஒரு தாளில் கோடாகப் போடுங்கள். கோடு எங்கே அறுகிறதோ அங்கேதான் ஷெட் அறும். இதை நூறு முறை எழுதிவிட்டேன், நூற்றொன்றாகவும் எழுதுகிறேன்.

அந்த வெல்டருக்கு மீதிக் காசைக் கொடுக்கவேண்டாம்.

உணவகத்துக்குச் சவுக்குக் கம்பில் கீற்றுக் கொட்டகை. ஆணியா, கயிறா? (அரியாங்குப்பம்)

ஒரு பருவத்துக்கென்றால் கயிறு. வருடக்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் போல்ட். ஆணியை நேராக அடித்தால் சவுக்கு பிளக்கும், ஆணி விட்டத்தைவிடச் சற்றுச் சிறிய ஓட்டை போட்டுவிட்டு அடியுங்கள். காலை மண்ணில் புதைக்காதீர்கள். தரை மட்டத்தில்தான் முதலில் மட்கும். தரைக்கு மேலே நிற்கும் இரும்புச் செருப்பில் இறக்குங்கள்.

மஞ்சள் முலாம் பூசிய போல்ட் ஆறு மாதத்தில் துருப்பிடித்தது. கம்பெனி மோசமா? (தேவனாம்பட்டினம்)

கம்பெனியைத் திட்டாதீர்கள். அது மின்முலாம், சில மைக்ரான் கனம்தான். கடலுக்கு இவ்வளவு அருகில் சூட்டில் தோய்த்த கால்வனைஸ் வேண்டும்.

வெல்டும் போல்ட்டும் சேர்த்துப் போட்டால் இரண்டின் பலமும் கூடுமா? (வில்லியனூர்)

கூடாது. போல்ட் ஓட்டைக்குள் நகர்ந்து பிடிப்பதற்குள் வெல்டு முழுச் சுமையையும் வாங்கிவிடும். ஒன்றை முழுதாகக் கணக்கிடுங்கள்.

தங்களுக்குப் போட்டோ அனுப்பியிருந்தேன், பதில் இல்லையே? (நெய்வேலி)

வந்தது. அதில் உங்கள் பேரன் நிற்கிறான், பின்னால் தூண் மாதிரி ஏதோ இருக்கிறது. பையனை நகர்த்திவிட்டு, பேஸ் பிளேட்டுக்குக் கிட்டே போய், ஸ்கேல் வைத்து எடுத்து அனுப்புங்கள்.